விண்டோஸ் 10 மடிக்கணினியை லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றுவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுக்கான முழு வழிகாட்டி

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிந்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் சில்லாக இருந்தால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையாவது வேண்டும். 2017க்கு முன் வாங்கிய பெரும்பாலான மடிக்கணினிகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. திரையில் பழுதில்லை, விசைப்பலகையில் பழுதில்லை, ஆனாலும் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்குவதற்கு முன், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுப் பாருங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லினக்ஸுக்கு ஆங்கில வழிகாட்டிகள் ஏராளம். தமிழ்த் தட்டச்சு, பழைய தமிழ் எழுத்துருக்கள் பற்றி அவற்றில் ஒரு வரி இருந்தாலே பெரிது. நம் வீடுகளில் மாற்றம் நிலைப்பதும் கைவிடப்படுவதும் அந்த இடத்தில்தான். கோயில் கூட்டத்துக்கு அறிக்கை தயாரிக்கும் அப்பாவோ, தமிழ்மொழிப் பாடத்துக்குப் பயிற்சித்தாள் அடிக்கும் அக்காவோ தமிழில் எழுத முடியாமல் போனால், மற்ற எல்லாம் நன்றாக நடந்தாலும் ஒரே வாரத்தில் பழைய விண்டோஸைத்தான் கேட்பார்கள். அதனால் தமிழுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில்: எந்தக் கணினியைத் தொடக் கூடாது

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைத் தொடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் கருவியையும் தொடாதீர்கள். கல்வி அமைச்சின் திட்டத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வைத்திருக்கும் தனிப்பட்ட கற்றல் கருவிகளில், பள்ளி கண்காணிக்கும் நிர்வாகச் செயலி இருக்கும். அதை அழித்தால் சிக்கல் பிள்ளைக்குத்தான். பல்கலைக்கழக மாணவர்கள் தேர்வு மென்பொருளை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸாம்பிளிஃபை போன்றவை லினக்ஸில் ஓடுவதில்லை.

ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், விண்டோஸில் மட்டும் ஓடும் கடைக் கணக்கு மென்பொருள் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்பவர்களும் மாற வேண்டாம். சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருப்பவர் கல்லாவில் இருக்கும் கணினியில் சோதனை செய்யக் கூடாது. வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொன்றில் செய்யட்டும். வேலோரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டுகளும் லினக்ஸில் வராது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீதி இருப்பது இணையம், மின்னஞ்சல், வங்கி, காணொளி, கடிதம், கணக்குத்தாள், படங்கள். பெரும்பாலான வீடுகளில் கணினிக்கு வேலையே இவ்வளவுதான். இவை எல்லாம் லினக்ஸில் நன்றாக நடக்கும்.

ஏன் மின்ட்

லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அதைச் சுற்றி மேசைத்திரை, செயலிகள், அமைப்புகள் எல்லாவற்றையும் கட்டித் தருவதை வழங்கல் என்போம். வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதல்முறை மாறுபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் ஒன்றைத்தான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கைக்கு அதில் எதுவும் புதிதாக இருக்காது. 22 வரிசைப் பதிப்புகள் உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டவை. 2029 வரை அவற்றுக்குப் புதுப்பிப்பு உண்டு. ஸோரின், ஃபெடோரா போன்றவையும் நல்லவைதான். ஒன்றைப் பழகிய பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்ட்டில் மூன்று முகங்கள் உண்டு. நினைவகம் 8 ஜிபி இருந்தால் சின்னமன், 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ. மூன்றாவதான மாட்டே இரண்டுக்கும் நடுவில். 2 ஜிபி போதும் என்று அதிகாரபூர்வக் குறைந்தபட்சம் சொல்கிறது. ஆனால் இன்றைய இணையப் பக்கங்களுக்கு 4 ஜிபிக்குக் கீழே போனால் பொறுமை போய்விடும்.

வட்டைத் தொடுவதற்கு முன்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். லினக்ஸுக்கு மாறும்போது கோப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோர் கோட்டை விட்டது இங்கேதான்.

எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி வட்டில் நகல் எடுங்கள். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: டெஸ்க்டாப்பிலும் டாகுமென்ட்ஸிலும் கோப்பின் பெயருக்கு அருகில் சிறிய மேகக் குறி இருந்தால், அந்தக் கோப்பு உங்கள் வட்டில் இல்லை. பெயர் மட்டுமே இங்கே இருக்கிறது, உள்ளடக்கம் மைக்ரோசாஃப்டின் சேவையகத்தில். கோப்புறையை வலது சொடுக்கி ‘எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு’ என்ற பொருளுடைய தேர்வைக் கொடுத்து, மேகக் குறிகள் எல்லாம் பச்சைச் சரிக்குறியாக மாறிய பிறகு நகல் எடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், வட்டில் உள்ளவற்றைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். கணினி எழும் முறையான பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நீலத்திரை வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைப்பதாக இருந்தால் மறையாக்கத்தை நிறுத்திவிடுவது நல்லது. அதோடு கன்ட்ரோல் பேனலின் மின்சக்திப் பகுதியில் இருக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பையும் அணையுங்கள். அது இயங்கினால், விண்டோஸை அணைத்த பிறகும் வட்டு பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸால் அதைப் படிக்க முடியும், அதில் எழுத முடியாது.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை ஒத்திசைத்துவிடுங்கள். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல் இருந்தால் அதன் பிஎஸ்டி கோப்பைத் தனியாக நகல் எடுங்கள்.

விண்டோஸ் இருக்கும்போதே முடிக்க வேண்டிய தமிழ் வேலை ஒன்றும் உண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் பல, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் அல்லாத எழுத்துருக்களில் இருக்கும். பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு அது. அதில் ‘தமிழ்’ என்று அடித்து வைத்த கோப்பின் உள்ளே உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே தெரியும். தாத்தாவின் கவிதைகள், சங்கத்தின் பழைய அறிக்கைகள் எல்லாம் ஒரே கணத்தில் புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினி, டாப், டாம், டிஸ்கி எல்லாவற்றையும் யூனிகோடாக மாற்றும். அது விண்டோஸில் ஓடுவது என்பதால் இப்போதே மாற்றி, மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளையும் விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள்.

தம்ப் டிரைவ் தயாரித்தல்

8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளவை முழுவதும் அழியும். லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய்ப் பதிப்பைத் தேர்ந்தால் நாடுவாரியாகப் பதிவிறக்க இடங்கள் வரும். சிங்கப்பூர் என்ற பெயருக்கு நேரே இருப்பதை எடுங்கள். கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. நம் வீட்டு ஃபைபர் இணைப்பில் தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும்.

வந்த கோப்பு சரியானதுதானா என்று பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று நீண்ட எண்ணெழுத்து வரிசை ஒன்று இருக்கும். 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பை வலது சொடுக்கி அதே வரிசையைக் கணக்கிடச் சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பிறகு ரூஃபஸ், இறக்கிய கோப்பைத் தம்ப் டிரைவில் எழுதித் தரும் இலவச மென்பொருள். அதைத் திறந்து, தம்ப் டிரைவையும் மின்ட் கோப்பையும் காட்டி, மற்ற அமைப்புகளை அப்படியே விட்டு, தொடங்குங்கள். எப்படி எழுதுவது என்று கேட்டால் அது பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறையே போதும்.

வட்டைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தல்

லினக்ஸைத் தம்ப் டிரைவிலிருந்தே முழுதாக ஓட்டலாம். உள்ளே இருக்கும் விண்டோஸில் ஒரு துரும்பும் அசையாது. ‘பிடித்தால் பார்க்கலாம்’ என்று தயங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். வரும் நீலத்திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதற்குள் தம்ப் டிரைவ் தெரியும். தெரியாவிட்டால் கணினி எழும்போது பூட் விசையைத் தட்ட வேண்டும். லெனோவோவிலும் டெல்லிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் அதை இயக்கிவிட வேண்டியிருக்கலாம். சரிபார்த்த இயங்குதளத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. மின்ட் அதனுடன் இயங்கும்.

மின்ட் திரை வந்ததும் நிறுவும் வேலைக்குப் போகாதீர்கள். ஒரு மாலை முழுவதும் அதில் உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூப்பில் ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, கேமராவில் முகம் தெரிகிறதா, புளூடூத் ஒலிவாங்கி இணைகிறதா என்று பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் கணினி எழுகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பழைய இயந்திரங்களில் பலமுறை தகராறு செய்வது அந்த இடம்தான். வைஃபை பிடிக்காவிட்டால் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ தேவையான டிரைவரைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள்.

தம்ப் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே கொஞ்சம் மந்தமாக இருக்கும். அந்த வேகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அணைத்தால் செய்த மாற்றங்கள் எல்லாம் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

“தம்பி, இதுல சிங்பாஸ் வருமா?” பெரியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். வரும், அங்கிள். சிங்பாஸ் செயலி கைப்பேசியில்தான் இருக்கிறது. கணினித் திரையில் வரும் கியூஆர் குறியை அது ஸ்கேன் செய்கிறது, அவ்வளவே. மத்திய சேமநிதி, வருமான வரி, வங்கித் தளங்கள் எல்லாம் உலாவியில் ஓடுபவை. வங்கியின் டிஜிட்டல் டோக்கனும் கைப்பேசியிலேயே இருக்கிறது. நிறுவுவதற்கு முன்பே இந்தத் தளங்களில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டால் மனத்தில் உள்ள பயம் போய்விடும்.

எங்கே நிறுவுவது: என் பரிந்துரை

மூன்று வழிகள் உண்டு. விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டு நிறுவலாம். ஒரே வட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் வைக்கலாம். அல்லது புது வட்டு ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் மட்டும் நிறுவலாம்.

மூன்றாவதைத்தான் நான் மனமாரப் பரிந்துரைப்பேன். 2012 முதல் 2017 வரை வந்த மடிக்கணினிகள் பலவற்றில் 2.5 அங்குல சாட்டா வட்டு இருக்கும். சில திருகுகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அதே அளவில் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத வேகமான வட்டு) ஒன்றை சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு வாங்குங்கள். கழற்றிய வட்டில் விண்டோஸும் கோப்புகளும் இருந்தபடியே இருக்கும். மனம் மாறினால் அதைத் திரும்ப மாட்டினால் போதும், பழைய வாழ்க்கை அப்படியே திரும்பிவிடும். பழைய கணினியில் சுழலும் வட்டு இருந்திருந்தால், எஸ்எஸ்டிக்கு மாறிய வேகமே ஆளை அசத்திவிடும். வட்டு பலகையோடு ஒட்டப்பட்ட மெல்லிய மாடல்களில் இது முடியாது. வாங்கும் முன் உங்கள் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

ஒரே வட்டில் இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபிக்குக் குறையாமல் வெற்றிடம் விடுங்கள். சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவது பாதுகாப்பு.

நிறுவுதல்

மேசைத்திரையில் இருக்கும் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்ற படவுருவைத் திறங்கள். மொழியாக இப்போதைக்கு ஆங்கிலமே இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் நிறைவாக இல்லை, பாதி தமிழ் பாதி ஆங்கிலத் திரை வயதானவர்களைத் தடுமாற வைக்கும். விசைப்பலகை ‘இங்கிலிஷ் யூஎஸ்’. ஒலி, காணொளிக் கோப்புகள் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் பெட்டியைத் தேர்வு செய்யுங்கள்.

அந்தப் பெட்டியைத் தேர்ந்ததும் செக்யூர் பூட்டுக்காக ஒரு கடவுச்சொல் கேட்கலாம். எளிதாக ஒன்றைக் கொடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவி முடித்து முதல்முறை எழும்போது ‘என்ரோல் மோக்’ என்ற சொல்லோடு நீலத்திரை ஒன்று சில நொடிகளே காத்திருக்கும். அதைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் வைரஸ் என்று பயந்து தாண்டிவிடுகிறார்கள். பிறகு வைஃபையோ கிராஃபிக்ஸ் டிரைவரோ இயங்கவில்லை என்று தவிக்கிறார்கள்.

அடுத்து வட்டைத் தேர்தல். புது எஸ்எஸ்டி என்றால் ‘முழு வட்டையும் அழித்து நிறுவு’. இரண்டும் வேண்டுமென்றால் ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’. இந்தத் திரையில் வட்டே தெரியவில்லை என்றால், பயோஸில் வட்டைக் கையாளும் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறை இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆனால் விண்டோஸும் அதே வட்டில் இருந்தால், முன்னேற்பாடு இல்லாமல் மாற்றும்போது அது எழாமல் போகலாம். அந்த நிலையில் அத்தோடு நிறுத்தி, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

நேர மண்டல வரைபடத்தில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். நேரத்துக்கு மட்டுமல்லாமல் தாளின் அளவுக்கும் இது உதவும். வட்டார அமைப்பு அமெரிக்காவாகிவிட்டால், அச்சிடும்போது ஏ4க்குப் பதிலாக லெட்டர் அளவு வந்து ஓரங்கள் வெட்டுப்படும். அப்படி வந்தால் ‘லேங்குவேஜஸ்’ அமைப்பில் வட்டாரத்தைச் சிங்கப்பூராக மாற்றுங்கள்.

முதல் மாலையில் செய்ய வேண்டியவை

முதல் வேலை ‘அப்டேட் மேனேஜர்’. எல்லாவற்றையும் புதுப்பித்து ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டாவது ‘டைம்ஷிஃப்ட்’. அமைப்புக் கோப்புகளின் நிலையைப் பதிந்து வைத்து, ஏதாவது கெட்டால் பழைய நாளுக்குத் திரும்ப உதவும். வாரம் ஒன்று என்று அமைத்துவிடுங்கள். உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது காப்பதில்லை. அவற்றுக்கு வெளி வட்டு நகல் தொடர வேண்டும். ‘ஃபயர்வால்’ என்று மெனுவில் தேடி இயக்கிவிடுங்கள்.

செயலிகளை இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ என்ற ஒரே இடத்தில் பெரும்பாலானவை கிடைக்கும். விஎல்சி, ஜிம்ப் போன்றவற்றை அங்கே தேடலாம். டீம்ஸும் வாட்ஸ்அப்பும் உலாவியிலேயே ஓடும். வேர்டு, எக்ஸல் கோப்புகளுக்கு லிப்ரே ஆஃபிஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சிக்கலான அமைப்புள்ள கோப்புகளை இணையவழி வேர்டில் திறந்துகொள்ளலாம்.

தமிழ்த் தட்டச்சு

இணையத் தமிழுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியது சிங்கப்பூரில். நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்த முன்னோடி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை தரமாயிற்று. மறு ஆண்டு மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு தொடங்கப்பட்டது. அந்தத் தமிழ்99 லினக்ஸிலும் இருக்கிறது. ஆனால் இரண்டு வடிவங்களில் இருக்கிறது, தவறானதைத் தேர்ந்துவிட்டுப் பலர் வெறுத்துப்போகிறார்கள்.

விசைப்பலகை அமைப்புக்குப் போய் நேரடியாகத் தமிழைச் சேர்த்தால் ‘தமிழ்நெட் 99’ என்று ஒன்று கிடைக்கும். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த எளிய பலகை. தமிழ்99இன் உயிரான தானாகப் புள்ளி விழும் விதி அதில் இல்லை. ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். உண்மையான தமிழ்99இல் ஏ, கே, கே, கியூ என்ற நான்கே தட்டல்கள். மகரத்தை இரண்டாவது முறை தட்டியதும் முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக விழும். எளிய பலகையில் புள்ளியை நீங்களே ஒவ்வொரு முறையும் எஃப் விசையில் வைக்க வேண்டும். வேகமாக அடித்துப் பழகிய விரல்களுக்கு அது பெரும் தொல்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ்-எம்17என்’ என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். அதன் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஐபஸ் என்பதற்கு ஐ, பி, யூ, எஸ் என்ற நான்கு எழுத்துகள், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு எம், 17, என். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அடுத்து ‘ஐபஸ் பிரிஃபரன்சஸ்’ திறந்து, உள்ளீட்டு முறைகள் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனட்டிக், ஐடிரான்ஸ், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று பட்டியல் வரும். உங்களுக்குப் பழகியதை எடுங்கள். விண்டோஸ் சின்னம் உள்ள விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். அந்த விசைச் சேர்க்கை பிடிக்காவிட்டால் அதே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் அஞ்சல் முறையில் பழகியவர்கள் ஃபொனட்டிக்கை எடுப்பார்கள். ன, ந, ண, ற போன்றவற்றின் விசைகள் ஒவ்வொரு ஒலிபெயர்ப்பு முறையிலும் சற்று மாறும். முதல் நாள் ஒரு தாளில் அந்த வேறுபாடுகளை எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அப்பாவுக்கோ அத்தைக்கோ அமைத்துத் தருகிறீர்கள் என்றால் அந்தத் தாள் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைப் பாதியாகக் குறைக்கும். கடவுச்சொல் கேட்கும் திரையில் ஆங்கிலப் பலகைதான் இருக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் ஆகியவை இலவசம். விண்டோஸின் லதா, விஜயா, நிர்மலா இங்கே இல்லை. லதாவில் எழுதிய வேர்டு கோப்பைத் திறந்தால் எழுத்து தெரியும், வேறு உருவில் தெரியும், பக்கப் பிரிவு நகரும். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்வையிட்டுவிடுங்கள். லிப்ரே ஆஃபிஸின் ‘டூல்ஸ், ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மொழி அமைப்புக்குள் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை இயக்கி, அதற்கான மொழியைத் தமிழாக வைத்தால் தமிழுக்குத் தனி எழுத்துருவை நிலையாக அமைக்கலாம். விண்டோஸிலிருந்து எடுத்து வைத்த பழைய எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவினால், யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட கோப்புகளும் படிக்கத் தெரியும்.

அச்சுப்பொறி, கடிகாரம், ஏமாற்றுக்காரர்கள்

அண்மை ஆண்டுகளின் வைஃபை அச்சுப்பொறிகள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலேயே தெரிந்துவிடும். எச்பிக்கு லினக்ஸ் ஆதரவு நன்றாக உண்டு. பிரதர் நிறுவனம் லினக்ஸ் டிரைவர்களை வெளியிடுகிறது. மற்றவற்றுக்கு மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் நடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் இருக்கும். கணினியின் உள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது. சிங்கப்பூர் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால் அந்த எட்டு. விண்டோஸின் நேர அமைப்பில் ‘சிங்க் நவ்’ கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்கு, கட்டளைகளை அடிக்கும் சாளரமான லினக்ஸ் முனையத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளை வழியாக உள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லலாம்.

லினக்ஸில் வைரஸ் தொல்லை மிகக் குறைவு. மோசடித் தொலைபேசிக்கும் போலி வங்கிப் பக்கத்துக்கும் எந்த இயங்குதளமும் ஒன்றுதான். ‘உங்கள் கணினியில் கோளாறு’ என்று யாராவது அழைத்தால் பேச்சைத் துண்டித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைக்கச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

திரும்பிப் போக வேண்டுமென்றால்

வட்டைக் கழற்றி வைத்தவர்கள் அதைத் திரும்ப மாட்டினால் முடிந்தது. விண்டோஸை அழித்தவர்களும் கலங்க வேண்டாம். முன்பு முறைப்படி இயங்கிய விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் கணினியின் தாய்ப்பலகையோடு பிணைந்தது. அதே பதிப்பை மறுபடி நிறுவி இணையத்தில் இணைந்தால் தானாகவே செயல்படும். நிறுவல் தம்ப் டிரைவை இன்னொரு விண்டோஸ் கணினியில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் செய்துகொள்ளலாம். இரண்டும் ஒரே வட்டில் இருந்து லினக்ஸை மட்டும் நீக்க விரும்பினால், முதலில் பயோஸில் பூட் வரிசையை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மாற்றி விண்டோஸ் தானாக எழுகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதியை அழித்து, சி டிரைவை விரியுங்கள்.